பதில் சொல்ல மறுத்த குரல்

"தூக்குன பெட்டிய இறக்கி வச்சுட்டு வெளிய வா, ஜெனோ. அலை வருது. இன்னும் நேரம் இருக்கு, பதறாத."

காதுக்குள் குரல் சொல்லி முடிக்கும்போதே ஜெனோவாவின் விரல்கள் வேகத்தைக் குறைத்திருந்தன. கட்டுப்பாட்டு அறையின் திரையில், தூத்துக்குடித் துறைமுகத்தின் வடக்கு மேடையில் ஆளில்லாத கிரேன் ஒன்று நீலப் பெட்டியைக் கப்பலின் தளத்தில் மெதுவாக இறக்கியது. கொக்கி விடுபட்டதும் அவள் எழுந்தாள்.

"அக்கா, என் கிரேனையும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. போன் வருது" என்று பக்கத்து இருக்கையில் இருந்த புஷ்பத்திடம் சொன்னாள்.

"உனக்கு மட்டும் அப்பிடி யாருதான் போன் போடுதா?" என்று புஷ்பம் சிரித்தாள். ஜெனோவாவும் சிரித்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனாள்.

அவளுடைய இடது முன்கையில் கைக்கடிகார வார் போல மெல்லிய பட்டை ஒன்று இருந்தது. அதற்கு அலையுணரி என்று பெயர். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் மனதுக்குத் தெரியவருவதற்கு வெகு முன்பே உடம்பில் கிளம்பிவிடுகிறது, நரம்புகளில் அது ஓர் அலையைப் போலத் திரண்டு வருகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். பட்டை அந்த அலையைத் தொலைவிலேயே பார்த்துவிடும். உடனே காதில் இருக்கும் உடன்குரல் பேசத் தொடங்கும். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட எவருக்கும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது.

ஜெனோவா அதைக் கட்டிக்கொண்டது கல்லூரி விடுதியில் இருந்தபோது. அப்பா இறந்துபோன வருடம் அது. அந்த வருடம் அவள் தனக்குச் செய்துகொண்டவை விடுதிச் செவிலியரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பட்டை வந்த பிறகு ஒருமுறைகூட அவள் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவில்லை. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

படிக்கட்டில் உட்கார்ந்தாள். குரல் பேசியது. தூத்துக்குடிப் பேச்சை அது அவளிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தது. எப்போது கேலி செய்ய வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும், அப்பாவின் பெயரை எந்த நாளில் எடுக்கக் கூடாது எல்லாம் அதற்குத் தெரியும். அலை ஏறியது, நெஞ்சை அடைத்தது, வடிந்தது. அவள் முகம் கழுவிக்கொண்டு மறுபடி கிரேனுக்குத் திரும்பினாள்.

அம்மாவுக்கும் இது எதுவும் தெரியாது. கையில் இருப்பது வேலையிடத்தில் கொடுத்த உடல்நலப் பட்டை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அந்த மாதக் கடைசியில், வேலைக்கு நடுவில் புஷ்பம் திடீரென்று கட்டுப்பாட்டுப் பலகையின்மீது தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தாள். நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் செய்தியைப் போனில் அனுப்பியிருந்தார்கள்.

ஜெனோவா அவளருகில் போய் நின்றாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் தன்னை அறியாமலேயே தலையைச் சாய்த்து, காதுக்குள் குரல் வருவதற்காகக் காத்திருந்தாள்.

குரல் வந்தது. "தோள்ல கை வை. 'அழுங்கக்கா, நான் எங்கயும் போகல'ன்னு சொல்லு."

"அழுங்கக்கா, நான் எங்கயும் போகல" என்றாள் ஜெனோவா.

புஷ்பம் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்ல ஒருத்தருக்கும் இப்பிடிப் பேசத் தெரியல பிள்ள. உனக்கு எப்பிடி வருது?" என்றாள்.

ஜெனோவாவுக்குக் காது சுட்டது. படிக்கட்டுக்குப் போய்க் குரலிடம் கேட்டாள். "நீ இல்லன்னா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

"நல்லாத்தான் சொல்லியிருப்ப" என்றது குரல்.

மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக அவள் அதை நம்பவில்லை.

*

உடன்குரல் ஆய்வகம் பாளையங்கோட்டையில் இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் நஸ்ரின் உயரமானவர். பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். ஜெனோவா வந்த காரணத்தைக் கேட்டதும் அந்தக் கை அப்படியே நின்றது.

"திருப்பிக் கொடுக்கணுமா?"

"ஆமா டாக்டர்."

"இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கொடுத்ததில்ல, ஜெனோவா."

"யாருக்குமே குணமாகலையா?"

நஸ்ரின் சுவர்த்திரையைத் தொட்டார். மூன்று கோடுகள் தோன்றின. முதலாவது, பட்டை அணிந்தவர்களுக்கு ஏற்பட்ட காயங்கள். செங்குத்தாகச் சரிந்து தரையோடு ஒட்டிக்கிடந்தது. இரண்டாவது, அலைகளின் உயரம். அது குறையவே இல்லை. மூன்றாவது கோட்டை ஜெனோவாவுக்குப் புரியவில்லை. அது ஆண்டுக்காண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னது?"

"பட்டை போட்டவங்க மத்த மனுஷங்ககிட்ட பேசுற பேச்சு. உங்க வேதனையை அந்தக் குரல் அவ்வளவு நல்லாக் கேக்குது. அதனால வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டிய தேவையே வரல. மத்தவங்க சொல்றதைக் கேக்கவும் தெரியாமப் போகுது."

"இத ஏன் வெளிய சொல்லாம வச்சிருக்கீங்க?"

நஸ்ரின் முதல் கோட்டைக் காட்டினார். "இதுக்கு முன்னாடி நான் அவசரப் பிரிவுல இருந்தேன். வாரா வாரம் உங்க வயசுப் பிள்ளைங்க வருவாங்க. இப்ப அவங்களுக்குன்னு இருந்த வார்டையே மூடிட்டாங்க. இப்படி ஒரு கோட்டைக் கையில வச்சுக்கிட்டு மூணாவது கோட்டைப் பத்தி நான் யார்கிட்டப் போய்ப் பேசுறது?"

ஜெனோவா மூன்றாவது கோட்டை மறுபடி பார்த்தாள். பிறகு, "கழட்ட வேண்டாம்" என்றாள். "அலை வருதுன்னு அது சொல்லட்டும். என்கூடவே இருக்கட்டும். ஆனா ஆறுதல் சொல்லக் கூடாது. பக்கத்துல யாரு இருக்காங்கன்னு மட்டும் கேக்கட்டும். நான் ஒரு மனுசர்கிட்டப் போய்ச் சொல்லுத வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."

"அது ஆபத்து. அலை உச்சியில இருக்கும்போது துணையை எடுக்கிறதா?"

"எடுக்கச் சொல்லல. பதில எடுக்கச் சொல்லுதேன். என்மேல சோதிச்சுப் பாருங்க. தப்பாப் போச்சுன்னா அது உங்களக் கூப்பிடட்டும்."

நஸ்ரின் இரண்டு வாரம் யோசித்தார். நெறிமுறைக் குழுவில் சண்டை போட்டார். கடைசியில் ஒப்புக்கொண்டார். மாற்றிய குரல் அலையின்போது இணைப்பைத் துண்டிக்காது. நிலைமை மோசமானால் அந்த நொடியே மருத்துவரை அழைக்கும். வாரம் ஒருமுறை ஜெனோவா நேரில் வந்து அவரோடு பேச வேண்டும். இவை நிபந்தனைகள்.

*

முதல் சோதனை கேவலமாக முடிந்தது. அலை வந்ததும் ஜெனோவா பழக்கதோஷத்தில் படிக்கட்டுக்கு ஓடினாள்.

"நான் இருக்கேன்" என்றது குரல். "உன் பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யார்கிட்டப் போயிச் சொல்லலாம்?"

"ஏதாவது பேசேன்."

"யார்கிட்டச் சொல்லலாம், ஜெனோ?"

அவள் அதைத் திட்டினாள். எழுந்து புஷ்பத்திடம் போனாள். "அக்கா" என்றாள். புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். "தலைய வலிக்கு" என்றாள் ஜெனோவா. புஷ்பம் பையிலிருந்து தைலத்தை எடுத்துக் கொடுத்தாள். அதை நெற்றியில் தேய்த்துக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு, புஷ்பத்தின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். அலை வழக்கத்தைவிட மெதுவாக வடிந்தது.

உடனே நஸ்ரின் அழைத்தார். "நிறுத்திடலாமா?"

"வேண்டாம். தலைவலின்னாவது சொன்னேன்லா" என்றாள் ஜெனோவா.

அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். அம்மா ரெஜினாள், இலங்கைக்குப் போகும் மின்படகுகள் புறப்படும் முனையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். கறாரான பெண். வீட்டில் அவள் அழுது ஜெனோவா பார்த்ததில்லை, அப்பாவின் அடக்கத்தன்றுகூட.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டாயிற்று. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டுவந்து அம்மா கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது குரல், "அலை வருது" என்றது. "உன் பக்கத்துல யாரு இருக்கா?"

"எங்கம்மா" என்று ஜெனோவா வாய்விட்டே சொன்னாள்.

ரெஜினாள் நிமிர்ந்தாள். "என்னட்டி?"

ஜெனோவா சொன்னாள். முன்பின்னாக, பாதிப் பாதியாக, ஆனால் எதையும் விடாமல் சொன்னாள். விடுதியில் நடந்தது, பட்டை எதற்கு என்பது, இப்போது இந்த நிமிடம் உள்ளே ஏறிக்கொண்டிருப்பது.

அம்மா முதலில், "கையக் காட்டு" என்றாள். பார்த்தாள். பழைய தழும்புகள். பிறகு, "நான் உனக்கு என்ன குறை வச்சேன்?" என்றாள். பிறகு, "இது யாருக்கெல்லாம் தெரியும்? பங்குச்சாமிக்குத் தெரியுமா? உங்க சித்திக்கு?" என்றாள். கையிலிருந்த சட்டையை உதறி, மடித்து, மறுபடி உதறினாள். "சாப்பாடு ஒழுங்காச் சாப்பிட்டா இதெல்லாம் வருமா? போனையே பாத்துட்டு இருந்தா பின்ன…"

ஒவ்வொரு வார்த்தையும் தப்பாக வந்தது. இந்த இடத்தில் பழைய குரல் என்ன சொல்லியிருக்கும் என்று ஜெனோவாவுக்குத் துல்லியமாகத் தெரியும். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். போகக் கூடாது.

"யம்மா, எனக்கு பதில் ஒண்ணும் வேண்டாம்" என்றாள். "நீ திட்டுனாலும் சரி. இது வடியுத மட்டும் எந்திச்சுப் போகாம இங்கனயே இரு. அது போதும்."

ரெஜினாள் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டாள். துணிகளைத் தள்ளிவிட்டு மகளின் அருகில் உட்கார்ந்தாள். எங்கே தொடுவது என்று தெரியாதவள் போல, மகளின் முன்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தது பட்டையின் மேல். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அலை உச்சிக்குப் போய், நின்று, இறங்கியது. ஜெனோவாவுக்கு மூச்சு வந்தது. உடம்பு முழுக்க வியர்த்திருந்தது.

"போயிட்டும்மா" என்றாள்.

அப்போதுதான் குரல் மறுபடி பேசியது. "அலை வருது, ஜெனோ. பெருசா வருது."

அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெகுநாளுக்குப் பிறகு இவ்வளவு லேசாக இருந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று முணுமுணுத்தாள்.

"இது உன்னுதில்ல. பட்டை மேல இன்னொரு கை இருக்கு."

ஜெனோவா அம்மாவைப் பார்த்தாள். ரெஜினாள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பைகளைச் சோதிக்கும்போது இருக்கும் அதே முகம்.

"யம்மா. உனக்குமா?"

அம்மா சட்டென்று கையை எடுத்தாள்.

"கைய எடுத்துட்டாங்க" என்றது குரல். "இனி எனக்குத் தெரியாது. நீதான் கேக்கணும்."

ஜெனோவா கேட்டாள். ரெஜினாள் நெடுநேரம் துணி மடித்தாள். எல்லாம் மடித்து முடிந்த பிறகு, "உன் வயசுலருந்து" என்றாள். "உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. பழைய கதை. விடு." அடுக்கிய துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

*

ஜெனோவாவின் சோதனை வென்றது. இன்னும் பலர்மீது சோதித்தார்கள். எல்லா ஊர்களிலிருந்தும் அதே செய்தி வந்தது: அலைகள் குட்டையாகிக்கொண்டு வந்தன. இரண்டாவது கோடு முதல்முறையாக இறங்கியது. கூடவே, கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவர்களின் அலைகளும் பட்டையில் விழுந்தன. தகப்பன்மார், தங்கைகள், ஒரு கல்லூரி முதல்வர். வயது வரம்பை நீக்க வேண்டியதாயிற்று.

புதிய குரலை மாநிலம் முழுவதற்கும் மாற்றுவது பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் ஜெனோவா பேசினாள். பழைய குரலை விருப்பப்பட்டவர்களுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஓர் அதிகாரி கேட்டார். "வச்சிருந்தா எல்லாரும் அதத்தான் எடுப்பாங்க சார். நானும் எடுப்பேன்" என்றாள் அவள். "அடியோட எடுத்துருங்க." எடுத்துவிட்டார்கள். பயனர்கள் கொதித்தார்கள், திட்டினார்கள், பிறகு மெல்ல மெல்லப் பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசத் தொடங்கினார்கள். ஜெனோவா புஷ்பத்திடம் உண்மையைச் சொன்னாள். "தைலம் தேச்சே சமாளிச்சியாட்டி?" என்று புஷ்பம் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வயது வரம்பு நீங்கியதும் ஜெனோவா அம்மாவுக்கு ஒரு பட்டை வாங்கி வந்தாள். எவ்வளவோ கெஞ்சிய பிறகு ரெஜினாள் கட்டிக்கொண்டாள். ஒரு வாரத்தில் அதைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா?"

"எப்பப் பாத்தாலும் பக்கத்துல யாரு இருக்கா, யார்கிட்டச் சொல்லப் போறன்னே கேக்கு. நான் என்ன குத்தவாளியா?"

"அது அப்பிடித்தாம்மா கேக்கும். எங்கிட்டச் சொல்லேன்."

"பெத்த பிள்ளைட்டச் சொல்லுததா இது?" ரெஜினாள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "உனக்கு முதல்ல வந்துச்சே ஒண்ணு. அதுதான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு ஆறுதல் சொல்லுமாம்லா. எனக்கு அதைக் குடு."

"அது இப்ப இல்லம்மா."

"ஏன்?"

"நான்தான் அடியோட எடுக்கச் சொன்னேன்" என்றாள் ஜெனோவா.

"நீ மூணு வருசம் யாருக்கும் தெரியாம அதுகூடப் பேசிப் பேசித்தான நிமிந்த? அதுக்கப்புறம்தான எங்கிட்ட வந்து சொன்ன? நீ ஏறி வந்த ஏணிய எனக்கு முன்னாலயே எடுத்துப் போட்டா, நான் எதப் பிடிச்சு ஏற?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் ஜெனோவாவைத் தைத்தது. அம்மா சொன்னதில் பொய் இல்லை. அந்த மூன்று ஆண்டுகள் வெறும் ஒளிதல் என்றுதான் ஜெனோவா கூட்டத்தில் பேசியிருந்தாள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில்தான் தன் வேதனைக்குச் சொற்கள் உண்டு என்று அவள் கற்றிருந்தாள். ரெஜினாள் அந்தச் சொற்களை ஒருமுறைகூட வாயால் சொல்லிப் பார்த்ததில்லை.

மறுநாள் முதல் பேருந்தில் ஜெனோவா பாளையங்கோட்டைக்குப் போனாள்.

"பழைய குரல் எனக்குத் திரும்ப வேணும், டாக்டர்."

நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றினார். "அதை அடியோட எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான். இப்பக் கேக்கதும் நான்தான்."

"அரசாணை போட்டாச்சு, ஜெனோவா. திருப்பி எழுதணும்னா மறுபடி குழு, மறுபடி சண்டை. நீங்க சொன்னது தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுக்கணும்."

"பாதி தப்புன்னு எழுதுதேன். பேசத் தெரிஞ்சவங்களுக்குப் புதுசு. பேசவே பழகாதவங்களுக்குப் பழசு. எப்ப மாறணும்னு அவங்கவங்க சொல்லட்டும், நாம சொல்லாண்டாம்."

"உங்க அம்மா கடைசி வரைக்கும் மாறவே இல்லன்னா?"

"அதுக்கும் சேத்துத்தான் கேக்கேன்" என்றாள்.

நஸ்ரின் அவளைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை நகர்த்தி, அவளுக்கும் இடம் விட்டு, திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தார். "சரி. உக்காருங்க. எழுதுவோம்."

அனுமதி வர மழைக்காலம் ஆகிவிட்டது. சோதனை அடிப்படையில், மருத்துவர் கண்காணிப்பில், சிலருக்கு மட்டும். முதல் ஆளாக ரெஜினாள் பழைய குரலைக் காதில் வைத்துக்கொண்டாள்.

அதன்பின் மாலை வேளைகளில் அம்மா மொட்டை மாடிக்குப் போவாள். ஜெனோவா கீழே அடுப்படியில் நிற்பாள். என்ன பேசுகிறாள் என்று கேட்காது, பேச்சின் மெட்டு மட்டும் கேட்கும். மகளிடம் ஒருபோதும் பேசாத குரலில், தணிந்து, நிறுத்தி நிறுத்தி அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். சில நாள் சிரிப்பாள். இத்தனை காலம் தான் படிக்கட்டுக்கு ஓடியபோதெல்லாம் வெளியே விடப்பட்டிருந்தவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று ஜெனோவாவுக்கு இப்போது புரிந்தது. பொறாமையாக இருந்தது. மேலே போய்ப் பட்டையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. போகவில்லை. வெங்காயம் வதக்கினாள். மாதங்கள் அப்படியே போயின.

பழைய குரல் எவரையும் கூப்பிடச் சொல்லாது. அது ஜெனோவாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அன்று மாடியிலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டபோது முதலில் தனக்குத்தான் ஏதோ கேட்கிறது என்று நினைத்தாள்.

"ஏட்டி ஜெனோ."

"என்னம்மா?"

மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "வேலையா இருக்கியா? கொஞ்சம் மேல வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஜெனோவா அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஏறினாள்.